மாமா மாற்றியமைத்த 1964 கிட்டாரை என்ன விலைக்கு, எப்படி விற்பது?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வாசகர் ஒருவர் அனுப்பியுள்ள நீண்ட கடிதத்தின் சாரம் இது. இசைக்குழுக்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிட்டார் வாசித்த அவருடைய தாய்மாமா சென்ற ஆண்டு காலமானார். மாமாவுக்குக் குழந்தைகள் இல்லை. அவருடைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை அத்தை, வாசகரிடமும் அவருடைய அக்காவிடமும் ஒப்படைத்து, விற்று ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கழுத்தைக் கழற்றிப் பார்த்தபோது அதன் அடிமுனையில் ‘2 மார்ச் 64 பி’ என்ற முத்திரை தெரிந்திருக்கிறது.

ஆனால் கிட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இல்லை. உடல் முழுவதும் தடித்த கறுப்புப் பெயின்ட் பூசப்பட்டுள்ளது. தந்திகள் உடலில் பதியும் பிரிட்ஜை ஒட்டி மரத்தைக் குடைந்து, ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் வகைப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம்) ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. தந்திகளை முறுக்கும் ட்யூனிங் கீகள் ஆறும் மாறியிருக்கின்றன, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் புதியவை, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை ஸ்விட்ச் இருந்த இடத்தில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கிறது. கழற்றியவற்றை மாமா ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்: க்ளூசன் நிறுவனத்தின் பழைய கீகள், பழைய ஸ்விட்ச், பிரிட்ஜ் பக்கத்து அசல் பிக்கப், ஹம்பக்கருக்காக வெட்டப்பட்ட பச்சை சாயல் கொண்ட பழைய பிக்கார்டு (உடலின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு). அந்தப் பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்தால் முள் அசையவில்லை, எனவே அதைக் குப்பையில் போடலாமா என்று கேட்கிறார்.

அவருடைய மற்ற கேள்விகள் இவை. அதே ஆண்டுக் கிட்டார்களுக்கு இணையத்தில் கேட்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக் கேட்கலாமா? கறுப்பு, தொழிற்சாலையே பூசிய அரிய நிறமாக இருக்க வாய்ப்புண்டா? குழியை அடைத்து மீண்டும் சன்பர்ஸ்ட் (நடுவில் மஞ்சளாகத் தொடங்கி ஓரத்தில் கறுத்து முடியும் நிறம்) பூசிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? கழுத்தையும் இரண்டு பிக்கப்புகளையும் மட்டும் வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார், கொடுக்கலாமா? மாற்றம் செய்த கிட்டார்கள்தானே ஏலத்தில் சாதனை விலைக்குப் போயின, அப்படியிருக்க இது ஏன் குறைவாகப் போக வேண்டும்?

அன்புள்ள வாசகருக்கு,

பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதுமே என் தொழில் என்பதால், இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் கழற்றிய உதிரிகளை இத்தனை ஆண்டுகள் பெட்டியில் போட்டு வைத்திருந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. உங்கள் மாமா கிட்டாரை மாற்றியது கெடுப்பதற்காக அல்ல. 1970-களில் இந்தக் கிட்டார்கள் வெறும் பழைய கிட்டார்கள்தான். மேடைக்கு உரத்த, கனத்த ஒலி தேவைப்பட்டது, ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சல் தொந்தரவாக இருந்தது, ஆகவே உலகம் முழுவதும் வாசிப்பவர்கள் உளியையும் ரூட்டரையும் கையில் எடுத்தார்கள். உங்கள் கடிதத்தில் இடையிடையே தென்படும் ‘மாமா இப்படிச் செய்துவிட்டாரே’ என்ற ஆதங்கத்தை விட்டுவிட்டுப் பேசுவோம். அப்போதுதான் கையில் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியும்.

முதலில், கையில் இருப்பது என்ன

முத்திரையில் உள்ள ‘2’ தேதியைக் குறிப்பதாக நினைத்து, ‘1964 மார்ச் 2-ஆம் நாள் செய்த கிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் தேதி அல்ல. 1962-க்குப் பிறகு ஃபெண்டர் நிறுவனம் கழுத்தின் அடிமுனையில் இட்ட முத்திரையில் முதல் எண் மாடலைக் குறிக்கும், அப்போது ஸ்ட்ராடோகாஸ்டருக்கு உரிய எண் 2. அடுத்து மாதமும் ஆண்டும் வருகின்றன. கடைசியில் உள்ள ‘பி’, நட் பகுதியில் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தாங்கும் இடத்தில்) கழுத்தின் அகலத்தைக் குறிக்கும் எழுத்து, அதாவது வழக்கமான ஒன்றே ஐந்தெட்டு அங்குலம். ஆக, 1964 மார்ச்சில் முத்திரையிடப்பட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் கழுத்து உங்களிடம் இருக்கிறது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டரின் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்தைய கிட்டார்களைச் சந்தை தனி வகையாகவே பார்ப்பதால், இந்த முத்திரை உங்கள் பக்கம் உள்ள வலுவான சான்று.

ஆனால் அது கழுத்துக்கு மட்டுமே சான்று. நான்கு திருகுகளில் கழன்றுவிடும் கழுத்து அது, உடல் வேறொன்றாகவும் இருக்கலாம். பின்பக்கத் தகட்டில் ‘எல்’ எழுத்துடன் தொடங்கும் எண், 1963-65 காலத்துக்குப் பொருந்துகிறது என்றாலும், தகடுகளை அந்நாளில் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை, அவற்றையும் எளிதில் மாற்றிவிடலாம். ஆகவே உடலை அதன் சொந்தத் தடயங்களால் உறுதிசெய்ய வேண்டும். அக்காலத்தில் பெயின்ட் அடிக்கும்போது உடலைப் பிடித்துக்கொள்ளக் கழுத்துப் பள்ளத்தில் ஒரு கம்பியைத் திருகி வைப்பார்கள், அது மறைத்த இடத்தில் பெயின்ட் படியாமல் ஒரு பட்டை வடு நிற்கும். பெயின்ட் காயும்வரை உடலைத் தூக்கி நிறுத்த அடித்த சிறு ஆணிகளின் துளைகளும் பிக்கார்டுக்கு அடியில் தெரியும். அசல் பெயின்ட் என்றால் அந்தத் துளைகளுக்குள் பெயின்ட் படாத வெறும் மரம் தெரியும், பின்னாளில் பூசியது என்றால் துளைக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஆணித் துளைகள் தெரிகின்றன, அவற்றில் கறுப்புப் பெயின்ட் இறங்கியிருக்கிறது. கறுப்பு, தொழிற்சாலை பூசிய அரிய நிறமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதி விடை. மீதி விடை ஹம்பக்கர் குழியில் இருக்கிறது. அந்தக் குழியின் சுவரிலும் கறுப்பு தொடர்ச்சியாகப் படிந்திருப்பதால், குழி முதலில் குடையப்பட்டது, பெயின்ட் பிறகு வந்தது. அந்நிறுவனம் கறுப்பைத் தனி ஆர்டரின் பேரில் பூசித் தந்தது உண்மைதான், அத்தகைய கிட்டார்கள் அதிக விலை பெறுவதும் உண்மைதான். ஆனால் உங்களுடையது அது அல்ல. பின்தகட்டின் ஓரம் பெயர்ந்த இடத்தில் மஞ்சளும் சிவப்பும் எட்டிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது சன்பர்ஸ்ட்டின் மிச்சம். இந்தத் தகவல் முக்கியமானது, பின்னால் மீண்டும் இதற்கு வருகிறேன்.

எப்போது மாற்றினார் என்பதையும் கிட்டாரே சொல்கிறது. ஒலியளவு, தொனிக் குமிழ்களுக்கு அடியில் உள்ள மூன்று ‘பாட்’களில் (பொட்டென்ஷியோமீட்டர் என்ற மின் கட்டுப்பாட்டுப் பாகங்களில்) ஒன்றில் ‘304 6352’ என்றும், மற்ற இரண்டில் ‘1377633’ என்றும் எண்கள் இருக்கின்றன. 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனக் குறியீடு, 6352 என்றால் 1963-ஆம் ஆண்டின் 52-ஆம் வாரம். 1964 மார்ச் கழுத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது. 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 7633 என்றால் 1976-இன் 33-ஆம் வாரம். ஆகவே மாமா கை வைத்தது 1976 ஆகஸ்டுக்குப் பிறகே. பாட்டின் எண், அந்தப் பாகம் எப்போது செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும், கிட்டார் அதற்கு முன்பு அந்த வடிவில் இருந்திருக்க முடியாது என்ற அளவுக்குத்தான் அதை நம்பலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மதிப்பைக் கணக்கிடும் விதம்

இணையத்தில் நீங்கள் பார்த்தவை விற்பவர்கள் கேட்கும் விலைகள். கேட்கும் விலை ஆசையைக் காட்டும், கொடுக்கப்பட்ட விலைதான் சந்தையைக் காட்டும். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளையும், விற்பனைத் தளங்களில் ‘விற்கப்பட்டது’ என்று பதிவான விலைகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் அசல் பெயின்ட், அசல் பாகங்களுடன் உள்ளவற்றைத் தனியாகவும், பெயின்ட் மாற்றி மரம் குடைந்தவற்றைத் தனியாகவும் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியல்தான் உங்களுக்கானது.

பத்தில் ஒரு பங்கு கழிவு என்பது போதாது. 1960-களின் கிட்டாரில் பெயின்ட் மாற்றப்பட்டிருந்தால், அசல் பெயின்ட் உள்ளதன் விலையில் ஏறத்தாழ பாதி என்பது எங்கள் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. இது கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதற்கு அடுத்த படி உங்களுக்குச் சாதகமானது. பெயின்ட் போனதுமே சேகரிப்பாளர் விலகிவிடுகிறார், வாசிப்பவர் உள்ளே வருகிறார். வாசிப்பவரின் கண்ணுக்கு மற்ற மாற்றங்கள் அவ்வளவு பெரிய குற்றங்கள் அல்ல. அசல் பெயின்ட் உள்ள கிட்டாரில் யாரோ குழி குடைந்தால் அது பேரிழப்பு, ஏற்கெனவே பெயின்ட் மாறிய கிட்டாரில் அதே குழி சிறிய கழிவுதான். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு விலையிலிருந்து தனித்தனியே சதவீதம் கழித்துக்கொண்டே போகாதீர்கள், அப்படிக் கழித்தால் கடைசியில் எதுவும் மிஞ்சாது. சில வணிகர்கள் உங்கள் முன்னால் உட்கார்ந்து அப்படித்தான் கழிப்பார்கள்.

அதே நிலையில் உள்ள அசல் கிட்டாரின் விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் மாற்றத்தால் அது 50-க்கு வருகிறது. குழிக்கும் வெட்டிய பிக்கார்டுக்கும் எட்டு, பத்து போகும். புதிய ட்யூனிங் கீகளுக்காகத் தலைப்பகுதித் துளைகள் அகலமாக்கப்பட்டிருப்பதற்கு இரண்டு, மூன்று போகும், அகன்ற துளையில் பழைய க்ளூசன் கீகளைப் பொருத்த உதவும் மாற்று வளையங்கள் கிடைப்பதால் அது பெரிய காயமாகக் கருதப்படுவதில்லை. பெட்டியில் உள்ள அசல் உதிரிகள் மூன்று முதல் ஐந்து வரை திருப்பித் தரும். படங்களை மட்டும் பார்த்துச் சொல்வதென்றால், என் கணிப்பு 40-க்கும் 45-க்கும் இடையில் நிற்கிறது.

ஃப்ரெட்டுகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவை செருப்பைப் போலத் தேய்ந்து மாற்றப்படுபவை, நன்றாக மாற்றியிருந்தால் வாசிப்பவருக்கு அது வசதியே. நான் கவனிப்பது வேறொன்றை. 1962-க்குப் பிறகு இந்தக் கிட்டார்களில் ரோஸ்வுட் விரல்பலகை மெல்லிய ஏடாகத்தான் ஒட்டப்பட்டது. ஃப்ரெட் மாற்றும்போது பலகையைத் தட்டையாக இழைத்திருந்தால் அந்த ஏடு இன்னும் மெலிந்திருக்கும். அசல் வளைவு ஏழேகால் அங்குல ஆரம் கொண்டது. வளைவு அளவியை நடுப்பகுதியில் வைத்துப் பார்த்து, அது அப்படியே இருக்கிறதா என்பதை ஒரு கைதேர்ந்த கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி உங்கள் விற்பனைக்கு நிறையச் செய்யும், ஏனென்றால் உங்கள் கிட்டாரின் மதிப்பில் பெரும்பகுதி அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது.

சாதனை விலைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அது கழுத்தும் பிக்கப்பும் பலமுறை மாறிய, மரம் குடைந்து அடைக்கப்பட்ட கிட்டார்தான். எரிக் கிளாப்டன் மூன்று கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய ‘ப்ளாக்கி’ 2004-இல் 9,59,500 டாலர் பெற்றது. இரண்டிலும் விலை பெற்றது வாசித்த கை. அந்தக் கை செய்த மாற்றம் என்பதால் மாற்றமும் வரலாறாயிற்று. உங்கள் மாமாவின் மேடைப் படங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள், கிட்டார் இத்தனை ஆண்டுகள் ஒரே குடும்பத்தில் இருந்ததற்கு அவை நல்ல சான்று. வாங்குபவருக்கு அவை நம்பிக்கை தரும், விலையைப் பெரிதாக உயர்த்தா.

பழையபடி ஆக்கும் யோசனை

குழியை அடைத்து, கறுப்பை உரித்து, சன்பர்ஸ்ட் பூசித் தருகிறேன் என்றவரின் யோசனையை ஏற்காதீர்கள். அவர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம், இருந்தாலும் ஏற்காதீர்கள். பணத்தளவில் பார்த்தால், ஒருமுறை பெயின்ட் மாறிய கிட்டார் எத்தனை முறை பூசினாலும் பெயின்ட் மாறிய கிட்டாரே, கூலியை வாங்குபவர் தர மாட்டார். அவர் உரிக்கப்போகும் கறுப்புக்கு அடியில் அசல் சன்பர்ஸ்ட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும் இன்னும் தெரியவில்லை. நான் முன்னே சொன்ன மஞ்சளும் சிவப்பும் இதனால்தான் முக்கியம். அக்காலத்தில் அவசரமாகப் பெயின்ட் அடித்தவர்கள் சில சமயம் பழையதை முழுமையாகத் தேய்க்காமல் அதன் மேலேயே பூசிவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால், இந்த வேலையிலேயே பழகிய ஒருவர் மேல்பூச்சை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி, அடியில் உள்ளதை ஓரளவு மீட்க வாய்ப்புண்டு. கரைப்பான் ஊற்றி உரித்தால் மேல்பூச்சு போவதற்கு முன்பே அடியில் உள்ள பழைய லாக்கர் பூச்சு கரைந்துவிடும். தடித்த பாலியூரித்தேன் பூச்சு வேதிப் பொருளுக்கு எளிதில் அசையாது, பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரோ தின்னர் பட்ட உடனே இளகும். ஆகவே இந்த வேலையை நீங்கள் செய்யாமல், ‘அடியில் சன்பர்ஸ்ட்டின் தடயம் தெரிகிறது, எவ்வளவு என்று தெரியாது’ என்ற உண்மையைப் படத்துடன் சொல்லி, முடிவை வாங்குபவரிடம் விடுவதே நல்லது. அந்த எதிர்பார்ப்புக்கே சிலர் சற்று அதிகம் கொடுப்பார்கள்.

‘யாராலும் கண்டுபிடிக்க முடியாது’ என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கண்டுபிடிப்பார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் பழைய லாக்கர் பசுமஞ்சளாக ஒளிரும், புதிய பூச்சு வேறுவிதமாகவோ மங்கலாகவோ தெரியும், அடைத்த மரத்தின் விளிம்பு பிக்கார்டைக் கழற்றியதும் கோடாகத் தெரியும். கண்டுபிடிக்காமல் போனாலும் நிலைமை மேலானதல்ல. தெரிந்தே ஒரு குறையை மறைத்து விற்றால், அதை நம்பி வாங்கியவர் விற்பனையை ரத்து செய்து பணத்தையும் இழப்பீட்டையும் கோர முடியும் என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் உள்ள பொதுவான நெறி. அந்தக் கோரிக்கை பழுதுபார்த்தவரிடம் போகாது, கையெழுத்திட்ட உங்களிடமும் அக்காவிடமும் வரும்.

மின் இணைப்புகளையும் தொட வேண்டாம். ஹம்பக்கரை எடுத்துவிட்டுப் பழைய பிக்கப்பைப் பொருத்தினால் அசலுக்கு நெருங்குமே என்று தோன்றும். ஆனால் அந்த 1963 பாட்டைச் சுற்றி இன்னும் கலைக்கப்படாத சால்டரிங் சில இடங்களில் இருப்பது படத்தில் தெரிகிறது. கலைக்கப்படாத சால்டரிங் என்பது தொழிற்சாலைக் கையின் தடம், ஒருமுறை சூடுபடுத்தினால் போயிற்று. மேலும் மாமா பொருத்திய அந்த ஹம்பக்கர், டிமார்ஸியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன், 1972-இல் வெளிவந்து மாற்றுப் பிக்கப் என்ற சந்தையையே தொடங்கிவைத்தது. பழைய டிமார்ஸியோவைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள், அது உங்கள் கிட்டாரில் வெறும் குறை அல்ல.

முள் அசையாத பழைய பிக்கப்பைத் தயவுசெய்து எறியாதீர்கள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியுள்ள பொருள் அது, சில சமயம் வெளிமுனையில், இணைப்புப் புள்ளிக்கு அருகில் மட்டுமே அறுந்திருக்கும், அதை ஒட்டவைக்க முடியும். உள்ளே அறுந்திருந்தாலும், அசல் காந்தங்களும் அசல் அடித்தட்டும் கொண்ட அதை மறுசுற்று செய்து பயன்படுத்துவார்கள். அதையும் நீங்கள் செய்ய வேண்டாம். ‘இணைப்பு அறுந்துள்ளது’ என்று சொல்லி அப்படியே கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள மற்ற இரண்டும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டினால் அக்காலத்துக்கு இயல்பான அளவுதான்.

பிரித்து விற்பது

கழுத்தையும் இரண்டு பிக்கப்புகளையும் கேட்டவர் விவரம் தெரிந்தவர். அவர் கேட்பது கிட்டாரின் மதிப்பில் மிகப் பெரும் பங்கு. அவருக்குக் கொடுத்தால் உங்கள் கையில் மிஞ்சுவது குடைந்த, பெயின்ட் மாறிய உடலும் சில உலோகப் பாகங்களும்தான். பிறகு அதை விற்பது உங்களைப் போல இந்தச் சந்தைக்குப் புதியவருக்கு மிகக் கடினம். கழுத்து, பிக்கப், ட்ரெமோலோ, கீகள், தகடு, பாட் என்று ஒவ்வொன்றாகப் பொறுமையுடன் விற்றால் கூட்டுத்தொகை முழுக் கிட்டாரின் விலையைத் தாண்டக்கூடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மாற்றம் செய்த கிட்டார்களில் இது பலமுறை நடக்கிறது. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும், ஒவ்வொரு பாகமும் அசல்தான் என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டும், பத்துப் பேரிடம் பத்துமுறை பேரம் பேச வேண்டும். 1964 மார்ச் கழுத்து, அதற்குப் பொருந்தும் உடலோடும் பாட்டோடும் இணைந்திருக்கும்போது ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கின்றன. பிரித்த பிறகு அந்தச் சாட்சியம் திரும்பி வராது. அறுபது ஆண்டுகள் சேர்ந்திருந்த மரங்களைப் பிரிப்பதில் எனக்கு மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது என் சார்பு, நீங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நிலையில் கணக்கும் அதே பக்கம்தான் நிற்கிறது.

எதைச் சொல்லி, யாரிடம் விற்பது

முதலில் உரிமையை ஒழுங்குபடுத்துங்கள். அத்தை வாய்மொழியாகக் கொடுத்ததை ஒரு பக்கத்தில் எழுதி, அவரும் நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். தகட்டு எண்ணும் கழுத்து முத்திரையும் அதில் இருக்கட்டும். விலையுயர்ந்த பழைய கிட்டார் என்றாலே திருட்டுப் பொருளோ என்று யோசிக்கும் வாங்குபவருக்கு இந்தத் தாள் பதிலாக அமையும். அக்காவுடன் குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், பேரத்தின் நடுவில் மனக்கசப்பு வராது.

அடுத்து, படங்கள். தந்திகளைத் தளர்த்திவிட்டு, கையால் திருப்பும் ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் திருகுகளைக் கழற்றி, கழுத்து முத்திரை, கழுத்துப் பள்ளம், ஆணித் துளைகள், குழியின் உட்புறம், பாட் எண்கள், பிக்கப்புகளின் அடிப்பக்கம், தலைப்பகுதியின் பின்புறம், பெட்டியில் உள்ள ஒவ்வோர் உதிரி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். துடைக்கவோ பாலிஷ் போடவோ துருப்பிடித்த திருகை மாற்றவோ வேண்டாம். மாற்றங்களை விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். குறைகளை முதலில் சொல்லும் விற்பனையாளரிடம் பேரம் கடுமையாக நடப்பதில்லை என்பது என் நீண்ட அனுபவம், ஏனென்றால் வாங்க வருபவர் கண்டுபிடித்துக் காட்டிக் குறைக்க எதுவும் மிச்சமிருக்காது.

பழைய கிட்டார் வணிகரிடம் கொடுத்தால் அன்றே பணம் கிடைக்கும். ஆனால் அவர் தான் விற்கப்போகும் விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் தருவார். அதில் நியாயமின்மை இல்லை, அவர் முதலீட்டை முடக்கி, உத்தரவாதம் கொடுத்து விற்க வேண்டும். அவருடைய கடையில் வைத்து விற்றுத் தரச் சொன்னால் தரகாக ஐந்தில் ஒரு பங்கு அளவில் போகும், காத்திருக்க வேண்டும். நேரடியாக விற்றால் முழுத் தொகையும் உங்களுக்கு, ஆனால் அலைச்சலும் ஏமாற்றுக்காரர்களின் தொல்லையும் உங்களுக்கே. இருவருமே வாசிக்காதவர்கள் என்பதால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு வணிகர்களிடம் எழுத்தில் மதிப்பீடு பெற்று, கட்டணம் வாங்கும் ஒருவரிடம் மூன்றாவது மதிப்பீட்டையும் பெற்ற பிறகு, கடையில் வைத்து விற்கும் வழியை நான் பரிந்துரைப்பேன். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால், அவர் சொன்னதை மதிப்பீடாகக் கொள்ளாமல் பேரத்தின் தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலை சொன்னால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். 1964-இல் ஃபெண்டர் நிறுவனம் விரல்பலகைக்குப் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். டால்பெர்ஜியா நைக்ரா என்ற அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. இசைக்கருவிகளுக்கு 2019-இல் கிடைத்த விலக்கு மற்ற ரோஸ்வுட் வகைகளுக்குத்தான், இதற்கு அல்ல. ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்ற சான்றிதழும் உரிய அனுமதியும் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்துறை பறிமுதல் செய்ய முடியும். அந்தச் சான்றிதழுக்கும் உங்கள் கழுத்து முத்திரைப் படமும் பாட் எண்களுமே ஆதாரம். அதற்கான காலமும் செலவும் விலையில் கணக்கிடப்படாவிட்டால், உள்நாட்டில் சற்றுக் குறைவாக விற்பதே லாபம்.

கடைசியாக, இதை மட்டும் தள்ளிப்போடாமல் இன்றே செய்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் அந்தப் பச்சை சாயல் கொண்ட பிக்கார்டு, வெள்ளையாகப் பிறந்து வயதால் நிறம் மாறிய செல்லுலாய்டு நைட்ரேட். வெட்டப்பட்டிருந்தாலும் அதற்கு விலை உண்டு. ஆனால் அது பழையதாக ஆக அமில ஆவியை வெளியிடும், மூடிய தகரப் பெட்டிக்குள் அந்த ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். உங்கள் பிக்கப்பின் கம்பி அறுந்ததற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். பிக்கார்டை எடுத்துக் காற்றோட்டமுள்ள காகித உறையில், எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் வையுங்கள். பிக்கப்பையும் கீகளையும் ஸ்விட்சையும் தனித்தனியே மென்காகிதத்தில் சுற்றி வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.